மாதாவின் வெல்வெட் மேலங்கி

ஸ்டெபிக்கு ஒற்றைத் தும்மல் என்ற பழக்கமே கிடையாது. ஒன்று வந்தால் பின்னாலேயே ஏழெட்டு வரும். கண் சிவக்கும், மூக்கு ஒழுகும், கடைசியில் நெஞ்சுக்குள் கீச்கீச்சென்று இழுக்கும். தூசி அலர்ஜி என்றார் டாக்டர். தூத்துக்குடியில், அதுவும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு தூசி ஆகாது என்றால் யாரிடம் போய் முறையிடுவது? காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மத்தியானமே நிலக்கரித் தூள் கறுப்பாக உட்கார்ந்திருக்கும்.

அவள் கணவன் கிளைட்டன் துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டுகிறவன். எவ்வளவு பெரிய கப்பலையும் பதமாக இழுத்துவந்து கரையில் சேர்த்துவிடுவான். வீட்டுத் தூசியிடம்தான் அவன் பாச்சா பலிக்கவில்லை. திரைச்சீலைகளைக் கழற்றினான், மெத்தைக்கு உறை போட்டான், சோபாவை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டான். வெறும் விளக்குமாறு வீட்டுக்குள் வரக்கூடாது, ஈரத்துணிதான். வேலைச் சட்டையை முற்றத்திலேயே கழற்றிப் போட்டு, குளித்த பிறகுதான் பெண்டாட்டி பக்கத்தில் வருவான். இவ்வளவும் செய்து என்ன? தும்மல் மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரனாக அங்கேயே இருந்தது.

"கொஞ்ச நாள் இடம் மாறிப் பாருங்க" என்றார் டாக்டர். திருநெல்வேலியில் ஸ்டெபியின் அக்கா விக்டோரியா வீட்டு மாடி காலியாக இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவாயிற்று. கிளைட்டனுக்கு வேலை இங்கே, அவன் போக முடியாது. அவள் இல்லாத வீட்டைச் சுத்தமாக வைத்து யாருக்குக் காட்ட என்று அவனுக்கு அழுகையே வந்தது.

தினமும் சாயங்காலம் இருவரும் கூடத்தில் மாதா சுரூபத்தின் முன்னால் முழங்கால் போட்டு ஜெபமாலை சொல்வார்கள். பாதி ஜெபத்திலேயே ஸ்டெபிக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும். செவ்வாய்க்கிழமை அவள் முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கையெல்லாம் கவிச்சியா இருக்கு. நீங்க ஆரம்பிங்க, நான் இங்கன இருந்தே பதில் சொல்லுதேன்."

துறைமுகக் காற்று நேராக முற்றத்தில்தான் வீசியது. ஆனால் ஜெபமாலை முடியும்வரை ஒரு தும்மல் இல்லை. கிளைட்டனுக்கு ஆச்சரியம். நிமிர்ந்து பார்த்தான். எதிரே நீல வெல்வெட் மேலங்கியும் ஜரிகைக் கரையுமாக மாதா நின்றாள். விரலால் மேலங்கியை லேசாகத் தட்டினான். பொசுபொசுவென்று தூசி பறந்தது.

ஸ்டெபியின் அம்மா, படுக்கையில் விழுவதற்கு முன் மகள் கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்த மேலங்கி அது. அம்மா போன பிறகு ஸ்டெபி சுரூபத்தின் முகத்தை மட்டும் துடைப்பாள். அம்மா கை பட்டது அப்படியே இருக்கட்டும் என்று மேலங்கியை அவளும் தொடமாட்டாள், பிறரையும் தொடவிடமாட்டாள். உன் அம்மா தைத்ததுதான் உன்னைத் தும்ம வைக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் போய்விடுவாள்.

வியாழக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மேலங்கியைக் கழற்றி, சோப்புத் தூளில் ஊறவைத்து, வேலைச் சட்டையை அடிக்கிற அடி அடித்துத் துவைத்துவிட்டான் மகராசன். சாயம் வாளியோடு போயிற்று. ஜரிகை நூல்நூலாகப் பிரிந்தது. சுருங்கிப்போன துணி மாதாவின் முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. வேறு வழி தெரியாமல் தன்னுடைய புதுத் துண்டொன்றை எடுத்துச் சுரூபத்துக்குப் போர்த்திவிட்டு, குற்றவாளி மாதிரிக் காத்திருந்தான்.

ஸ்டெபி உள்ளே வந்து பார்த்தாள். "மேலங்கி எங்க?"

ஈரத்துணியை நீட்டினான். "முத்தத்துல இருந்தா உனக்குத் தும்மல் வரல ஏளா, இங்கன உக்காந்தாத்தான் வருது. தூசி பூரா இதுலதான் இருந்திச்சி. சொல்ல தைரியம் வரல. நீ போயிருவியேன்னு பயந்து தொவைச்சேன். இப்படி ஆகும்னு நெனைக்கல."

அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். நாலு திட்டு திட்டினாலாவது தேவலை என்றிருந்தது கிளைட்டனுக்கு. வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜெபமாலைய எடுங்க."

அன்றைக்கு அவன் வாய்தான் ஜெபித்தது, காது தும்மலுக்காகக் காத்திருந்தது. கடைசி மணிவரை வரவில்லை. ஸ்டெபி மூச்சை நன்றாக உள்ளே இழுத்துப் பார்த்தாள். நெஞ்சில் சத்தம் இல்லை.

"எங்கம்மா இருந்திருந்தா மாசாமாசம் கழட்டித் தொவைச்சிருப்பா" என்றாள். "நான்தான் தொடாமப் போட்டு வச்சிருந்தேன்."

பிறகு சுரூபத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "துண்டைப் போத்தி விட்டிருக்கீங்களே, மாதா குளிக்கப் போறாப்புல இருக்கு. நாளைக்கு வாரப்ப நீலத்துல காட்டன் துணி வாங்கிட்டு வாங்க. ரெண்டு தைக்கணும், ஒண்ணு போட, ஒண்ணு தொவைக்க."

"எப்ப தைப்ப?"

"ஞாயித்துக்கிழமதான்" என்றாள் ஸ்டெபி. "அன்னைக்குத்தான நீங்களும் வீட்டுல இருப்பீங்க."