எக்ஸ் அஞ்சுன்னு வச்சுக்குங்க

செஞ்சி பெண்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் மெஹராஜ் பேகத்துக்கு அன்றைக்கு வந்த கோபம் ராஜகிரிக் கோட்டை மலை உயரம் இருக்கும். அறுபத்தேழாம் வருஷம். ஆசிரியர்களுக்கு மெட்ராஸில் ஒரு வருஷக் கம்ப்யூட்டர் படிப்பு. எழுதி அனுப்பும் விடை பிடித்திருந்தால்தான் இடம். "இடம் கெடைக்கட்டும், அப்புறம் பாக்கலாம்," என்று அவளைப் பெற்ற அத்தா ஜகபர் அலி சொல்லியிருந்தார். கிடைக்காது என்ற தைரியம் அவருக்கு. கேள்வியோ இப்படி: ‘கம்ப்யூட்டர் மொழியில் x = x + 1 என்று எழுதுகிறோம். இது சரியா? மொழியை நீங்கள் அமைத்தால் எப்படி எழுதுவீர்கள்?’

"எக்ஸ் அஞ்சுன்னா, அஞ்சும் ஆறும் சமமாம். நம்ம புள்ளைங்க எழுதினா முட்டை போடுவேன்," என்று அறிவியல் டீச்சர் மங்கையிடம் பொருமினாள்.

"அதையே எழுதி அனுப்பு. அவங்க உனக்கு முட்டை போடட்டும்," என்றாள் மங்கை.

விடை அனுப்ப அன்றைக்குத்தான் கடைசி நாள்; சாயங்காலத் தபாலுக்கு இன்னும் மூன்று மணி நேரம்தான். கடுப்போடு எட்டாம் வகுப்புக்குள் போனாள். கரும்பலகையில் x எழுதிப் பக்கத்தில் 5 போட்டாள். "எக்ஸ் அஞ்சுன்னு வச்சுக்குங்க." கணக்கு முடிந்ததும் ஐந்தைத் துடைத்து, அதே இடத்தில் 6 போட்டாள். "இப்ப ஆறுன்னு வச்சுக்குங்க."

மூன்றாம் பெஞ்சு மீனம்பாள் எழுந்தாள். "டீச்சர், எக்ஸ் அஞ்சுன்னீங்களே?"

"அது போச்சுடி. அதோட ஒண்ணைக் கூட்டி அங்கயே வச்சாச்சு."

சொன்னவள் சாக்பீஸும் கையுமாக நின்றுவிட்டாள். யா அல்லா, நாலு வருஷமாகத் தினமும் இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்! சமம் என்பது உள்ளதைச் சொல்வது. வச்சுக்கோ என்பது செய்யச் சொல்வது. இரண்டுக்கும் ஒரே குறியைப் போட்டால் மனுஷர் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

விடைத்தாளில் எழுதினாள்: ‘வைப்பதற்கு x ← x + 1. முதலில் வலப்பக்கத்தைக் கூட்டி, பிறகு பழையதைத் துடைத்து, அந்த இடத்தில் வைக்க வேண்டும். இரண்டும் சமமா என்று கேட்க மட்டும் =. மொழி முழுக்க ஒரு குறிக்கு ஒரே வேலை.’ தபால் பையைக் கட்டுகிற நேரத்துக்கு ஓடிப்போய்ச் சேர்த்தாள்.

இருபதாம் நாள் பதில் வந்தது. இடம் உண்டு. அத்தா இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, நீ மெட்ராஸ் போயிட்டேன்னு வச்சுக்கலாம்," என்றார். "சோத்துக்கு இன்னா பண்ணுவே?"

வச்சுக்கலாம். அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அத்தா அவளை மெட்ராஸில் வைத்தாயிற்று. இனிச் சோற்றுக்குத்தான் வழி பார்க்க வேண்டும்.