கள்ளி விதைத்த வருடம்

சப்பாத்திக்கள்ளியைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் கோபம்கூட வருவதில்லை, அலுப்புதான் வருகிறது. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. பூலாம்பாடிக்கு மேற்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் காடு. வேலியோரமாகக் கிடந்த கள்ளி, நான் ஒண்டியாக இருந்த பத்துப் பதினோரு வருடத்தில் மெல்ல மெல்ல உள்ளே வந்து பாதி நிலத்தை அமுக்கிக்கொண்டது. என் வீட்டுக்காரர் இளவரசன் அப்போது சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்ப்பேனா, மகள் ஆர்த்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேனா, கள்ளி வெட்டுவேனா?

போன வைகாசியில் அவர் ஊருக்கு வந்தார். மாமியாரும் போய்ச் சேர்ந்து, மகளும் திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்ட நேரம். வந்ததும் வராததுமாகக் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"இதுல ஒரு போகம் ஒழுங்கா எடுத்துட்டேன்னு வை, அப்புறம் சிங்கப்பூர் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். 'என்னங்க' என்று கூப்பிட்டால் போனிலிருந்து இல்லாமல் பக்கத்து அறையிலிருந்து பதில் வருகிற வீடு எனக்கும் வேண்டியிருந்தது. ஒரு போகம்தானே, எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனியில் ஜெயங்கொண்டத்தில் என் தங்கை வீட்டில் காதுகுத்து. நான் மட்டும் போய் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இவர் முகமெல்லாம் பல்லாக நிற்கிறார்.

"வா, வந்து காட்டைப் பாரு."

பார்த்தேன். வாடகைக்கு டிராக்டர் பிடித்து, மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் போட்டு, கள்ளிப் புதர் மொத்தத்தையும் ஓட்டித் தள்ளியிருந்தார். குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம். கூட்டுக்குக் காய் நறுக்கிப் போட்டதுபோல ஒன்றரை ஏக்கரும் பச்சைத் துண்டுகளாகக் கிடந்தது.

"உன்னால இத்தினி வருசம் முடியாததை ஒரே மத்தியானத்துல முடிச்சேன் பாத்தியா?"

"இதெல்லாம் காஞ்சுடுமாங்க?"

"அடிக்கிற வெயிலுக்கு ரெண்டே வாரம். கருவாடாப் போயிடும். அப்பிடியே உரம்."

எனக்கு மட்டும் என்ன தெரியும்? சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன்.

காயவில்லை. ஆடி வெயிலில் துண்டுகள் லேசாகச் சுருங்கின, அவ்வளவுதான். ஆவணியில் ஒரு மழை பெய்ததும் மக்காச்சோளம் விதைத்தோம். சோளம் தலைநீட்டுவதற்குள் கள்ளி தலைநீட்டிவிட்டது. விரல் நீளத் துண்டுகூட அடியில் வேர் விட்டு, மேலே குழந்தைக் காது மாதிரி ஒரு மடல் விட்டிருந்தது. பாதிக் காட்டில் கிடந்த சனியனை நாங்களே டீசல் போட்டுக் காடு முழுக்க விதைத்திருக்கிறோம். இதை வெளியில் சொன்னால் வெட்கம்.

களையெடுக்க ஆள் வரவில்லை. சுந்தராம்பாள் அக்கா மட்டும் வந்து ஒரு காலை உள்ளே வைத்தது. "யம்மாடி! உன் காட்டுல களையெடுக்க என்னால ஆவாது தாயி" என்று வைத்த காலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாங்கள் இரண்டு பேருமாகவே பொறுக்கினோம். பெரிய முள்ளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சுணை இருக்கிறதே, அதுதான் கொடுமை. கண்ணுக்குத் தெரியாது, சோறு பிசையும்போதுதான் தெரியும். பிடுங்கியதை வரப்பில் போட்டால் வரப்பில் வேர் விட்டது. பாறைமேல் போட்டால் மண்ணே இல்லாமல் பூ வைத்தது. சோளம் வந்த லட்சணத்தைக் கேட்கவே வேண்டாம், தட்டையோடு அறுத்து மாட்டுக்குப் போட்டோம்.

மாசியில், மருந்து ஏதாவது அடிக்கலாமா என்று கேட்கப் பெரம்பலூர் விவசாய ஆபீஸுக்குப் போனோம். அங்கே ஜெயசீலன் என்று ஒரு அதிகாரி.

"ரொட்டவேட்டரா ஓட்டுனீங்க?" என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் நல்ல மனுஷன். எங்களை உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாகச் சொன்னார்.

"நீங்க இலைன்னு நெனைக்கிறீங்களே, அது இலை இல்லீங்க, தண்டு. இலைதான் முள்ளா மாறிப்போச்சு. அகல இலை இருந்தா அது வழியா தண்ணியெல்லாம் ஆவியாப் போயிடும்ல? தண்டுக்கு மேல மெழுகு பூசுன மாதிரி தோல். உள்ளாற கொழகொழன்னு இருக்குதே, அது புடிச்ச தண்ணியை லேசுல விடாது. மத்த செடிங்க பகல்ல காத்து வாங்கும். இது வெயில்ல வாயே தொறக்காது, ராத்திரி குளுந்தப்புறம்தான் தொறக்கும். வேரு ஆழமாப் போவாது, மேலாகவே பரப்பி வச்சிருக்கும். லேசாத் தூறுனாக்கூட உறிஞ்சிக்கும்."

"வெட்டிப் போட்ட துண்டும் சாவ மாட்டேங்குதே சார்?" என்றேன்.

"அதுக்கு வேண்டிய தண்ணி அதுங்கிட்டயே இருக்குல்லம்மா. மழை வர்ற வரைக்கும் மாசக்கணக்குல காத்துக் கெடக்கும். ஒண்ணொண்ணாப் பொறுக்கி, ஆழக் குழி வெட்டிப் பொதைச்சுடுங்க. எப்பிடியும் ரெண்டு வருசம் ஆவும்."

இவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்த இரண்டு வருடத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வர பஸ் ஏறி உட்கார்ந்ததும் இவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"அம்பிகா, ஏஜென்ட் சிங்காரவேலு அண்ணன் போன் பண்ணாரு. பழைய கம்பெனியிலயே கூப்புடுறாங்களாம். நாளைக்குக் காலைல பதில் சொல்லணும்."

நான் உள்ளங்கையில் ஏறியிருந்த சுணையைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

"ரெண்டு வருசம் ஆவும்னு சாரே சொல்லிட்டாரு. அதுவரைக்கும் நான் இங்க இருந்து என்னத்தப் பண்றது? நீ எப்பிடியும் சமாளிச்சுக்குவ. அந்தக் கள்ளி மாதிரிதான் நீயும். தண்ணி இல்லாட்டியும் தாக்குப் புடிப்ப."

பாராட்டாகத்தான் சொன்னார். முகத்தில் பெருமைகூடத் தெரிந்தது. எனக்கு உச்சந்தலையிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, எனக்குத் தண்ணி வேண்டாம்னு கள்ளி வந்து உங்ககிட்ட சொன்னுச்சா?"

"மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். சொன்னுச்சான்னு கேக்குறேன். தண்ணி கெடைக்கலை, அதனால இலையைத் தொலைச்சுட்டு, வாயை மூடிக்கிட்டுக் கெடக்குது. உங்கம்மா படுத்த படுக்கையாக் கெடந்தப்போ நான் சமாளிச்சேன். ஆர்த்தி பெரிய மனுசியானப்போ நீங்க போன்ல பாத்தீங்க, அப்பவும் நான்தான் சமாளிச்சேன். சமாளிக்கிறா, சமாளிக்கிறான்னு இன்னும் எத்தினி வருசத்துக்கு என் தலையிலயே கட்டுவீங்க? எனக்கு அலுத்துப்போச்சுங்க."

முன்சீட்டில் இருந்த பொம்பளை திரும்பி, "நல்லாக் கேட்டுக்கங்க தம்பி" என்றாள். இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை நான் எழுந்திருக்கவில்லை. வழக்கமான நேரத்துக்கு முழிப்பு வந்தது, ஆனாலும் எழவில்லை. வாசல் தெளிக்கவில்லை, அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மாடு கத்தியது, கத்தட்டும் என்று கிடந்தேன். காய்ச்சலில்கூட நான் இப்படிப் படுத்ததில்லை.

அவர் வந்து கதவோரம் நின்றார்.

"ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

"பின்ன?"

"சமாளிக்க முடியலை."

கொல்லைப் பக்கம் போனார். பிறகு மாட்டின் சத்தம் அடங்கியது. அடுப்படியில் ஒரு பாத்திரம் உருண்டது. டீ வந்தது. பாயசம் மாதிரி ஒரே சர்க்கரை. அதைக் குடிக்கும்போது, இந்த வீட்டில் எனக்கென்று இன்னொருத்தர் போட்ட டீ என்று நினைத்து அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே முழுதையும் குடித்து முடித்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது. அவர் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் அசையாமல் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

"சொல்லுங்கண்ணே... ஆமாண்ணே... இல்லண்ணே, இந்தத் தடவை வரலை. வூட்டுல ஒடம்புக்கு முடியலைண்ணே, அதான்."

நெஞ்சு குளிர்ந்தது நிஜம்தான். ஆனால் அந்தக் காரணம் சுணை மாதிரி உறுத்தியது. ஒடம்பு தேறிவிட்டால்? அடுத்த மாதம் அந்த ஏஜென்ட் திரும்பக் கூப்பிட்டால்?

"பொய் சொல்லாதீங்க!" படுத்தபடியே கத்தினேன். "என் ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. உங்களை இங்க இருக்கச் சொல்றேன்னு சொல்லுங்க!"

வாசலில் பேச்சு நின்றுவிட்டது. போனுக்குள் அந்த ஆள் 'ஹலோ, ஹலோ' என்பது எனக்கே கேட்டது. அதைச் சொல்ல வேண்டாம் என்று இவருக்குத் தோன்றியிருக்கும், மானம் போகிறதே என்று இருந்திருக்கும்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குதுண்ணே. என் பொண்டாட்டி என்னை இங்கயே இருக்கச் சொல்றாண்ணே."