அகராதியை ஒளித்த தெரு

காலர்காரி ருஷ்யப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்வரை அவளுடைய காபி ஆறுவதில்லை. விடிந்ததும் கலந்து வைத்த காபி, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்திலும் ஆவி பறக்க மேசைமேல் இருக்கும். புத்தகத்தை மூடினால் மற்றவர்கள் காபியைப் போல அதுவும் ஆறிவிடும். அடியில் தணல் கிடையாது, மேலே மூடி கிடையாது, டம்ளரும் விளிம்பு நசுங்கிய பழைய எவர்சில்வர் டம்ளர்தான். அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். கை தைக்க ஓர் ஆள், பட்டன் வைக்க ஓர் ஆள், காலருக்கு இவள். இத்தனை வருஷத்தில் ஒரு முழுச்சட்டையை அவள் தைத்ததில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது; தெருவுக்கு அவள் காலர்காரி.

படிக்கிற பைத்தியம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வாரப் பத்திரிகை, மாத நாவல், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், பொட்டலம் கட்டி வந்த காகிதம், எதையும் விடமாட்டாள். பொட்டலக் காகிதம் பாதியில் கிழிந்திருந்ததால் கொலை செய்தவன் யார் என்று தெரியாமல் ஒரு வாரம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்திருக்கிறாள். காலையில் மற்றவர்களுக்கு முன்னால் எழுந்து, சமையலறை மேசையில் காபியோடு உட்கார்ந்து படிக்கும் அந்த நேரம் ஒன்றுதான் அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது. ஒருநாள் பழைய பேப்பர் கடையில் தராசுக்குப் பக்கத்தில் அட்டை கிழிந்த தடித்த புத்தகம் ஒன்று கிடந்தது. சீப்பை நிமிர்த்தி வைத்த மாதிரி ஓர் எழுத்து, மல்லாந்து கிடக்கும் வண்டு மாதிரி ஓர் எழுத்து. அவள் புரட்டிப் பார்ப்பதைக் கண்ட கடைக்காரர், "அது ருஷ்யன்மா. நீயெல்லாம் படிக்க முடியாது" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த 'நீயெல்லாம்' அவளுக்குச் சுருக்கென்றது. "ஏன், ருஷ்யாவுல காலர் தைக்கிறவங்க யாரும் படிக்கிறதில்லையா?" என்று கேட்டு, பழைய பேப்பர் விற்ற காசை வாங்காமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு அலைந்து திரிந்து ஓர் அரிச்சுவடியும், செங்கல் கனத்தில் ஓர் அகராதியும் தேடிப் பிடித்தாள்.

தெரு கேட்டது ஒரே கேள்விதான்: எதுக்கு? ருஷ்யாவுக்குப் போகிறாளா, அங்கே யாராவது இருக்கிறார்களா, கம்பெனியில் சம்பளம் கூட்டித் தருவார்களா? "தோணுச்சு, படிக்கிறேன்" என்று அவள் உண்மையைச் சொன்னாள். உண்மையைத்தான் ஒருவரும் நம்பவில்லை. எதிர்வீட்டுக்காரர் பகல் முழுவதும் சீட்டாடினார். அவரிடம் யாரும் எதுக்கு என்று கேட்கவில்லை. கோடிவீட்டு ஆள் காலை முதல் மாலை வரை வாசலில் நின்று போகிற வண்டிகளைப் பார்த்தார், அவரையும் கேட்கவில்லை. ஒரு பொம்பளை காபியோடு உட்கார்ந்து நாலு எழுத்து கற்றால் மட்டும் ஊருக்கே காரணம் சொல்ல வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வீட்டோடு இருந்த நாத்தனார், "பல்லு ஆடுற வயசுல அரிச்சுவடி, நல்ல கூத்துதான்" என்றாள். அவள் வீட்டுக்காரர் மின்சார மீட்டர்களில் ரீடிங் எடுப்பவர். எண்களைத் தவிர வேறு எதையும் அவர் வாசித்ததாகத் தகவல் இல்லை. அவர், "கரண்டு வீணாகாம படி" என்று மட்டும் சொன்னார்.

காபி விஷயத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஒருநாள் அவசரத்தில் அவள் டம்ளரை எடுத்து, எப்போதோ கலந்ததுதானே என்று மடக்கென்று குடித்தார், நாக்கு வெந்துபோயிற்று. மறுநாள் தன் டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதுவும் ஆறவில்லை. அதற்கு மறுநாள் பச்சைத் தண்ணீர் ஒரு குண்டான் வைத்தார். அவள் நாலு வரியோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் அது தளதளவென்று கொதித்தது. நாத்தனாருக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரிந்த மாதிரி. வாரம் திரும்புவதற்குள் குழந்தைக்குப் பால், குளிக்க வெந்நீர், மத்தியானச் சோற்றுக்கு உலை என்று பாத்திரங்கள் வர ஆரம்பித்தன. அதுவரை 'எதுக்கு' என்று கேட்டவர்கள் இப்போது 'எப்போ' என்று கேட்டார்கள்.

ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் தெருச் சங்கத்துக்குத் தலைவர். ஒழுங்கு இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பால் முதலில், உலை அடுத்து, குளிக்கிற தண்ணீர் கடைசி என்று அவர் வரிசை வகுத்தார். சமையலறை நிறைந்து கூடத்துக்கும் பாத்திரம் வந்தது. காலர்காரிக்குக் கால் நீட்ட இடமில்லை; காபியை வைக்கக்கூட இரண்டு அண்டாக்களை நகர்த்த வேண்டியிருந்தது. அவள் முகம் சுளித்தபோது, "சும்மா உக்காந்து படிக்கிறதுதானேம்மா, கல்லா உடைக்கச் சொல்றோம்?" என்றார் தலைவர். ஒரு முறை காய்ச்சலில் அவள் எழுந்திருக்கவில்லை. வாசலில் பதினைந்து குடும்பங்கள் ஆறிய பாத்திரங்களோடு நின்றன. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வராத சனம், "முன்னாடியே சொல்ல வேண்டாமா?" என்று சண்டைக்கு வந்தது. உள்ளே போர்வைக்குள் படுத்துக்கொண்டு அவள் அதைக் கேட்டாள். அவளுக்குக் காய்ச்சலைவிட அதுதான் கொதித்தது.

ஆனாலும் படிப்பு நிற்கவில்லை. வருஷங்கள் போயின. எழுத்துக் கூட்டியவள் சொல் கூட்டினாள், சொல் கூட்டியவள் வரி வரியாகப் போனாள். அப்போதுதான் தலைவர் ஒன்றைக் கவனித்தார். அவள் திக்கித் திணறும் பக்கத்தில் தண்ணீர் கொதித்தது. புரிந்து, தலையாட்டிக்கொண்டு ஓட்டமாகப் படிக்கும் பக்கத்தில் வெதுவெதுப்புக்கூட இல்லை. முழுப் புத்தகமும் புரிந்துவிட்டால் தெருவே அடுப்பு மூட்ட வேண்டியதுதான். தலைவர் வீட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் போட்டார்கள். மீட்டர்காரரும் போயிருந்தார், அவருடைய அக்காவும் போயிருந்தாள். இதைச் சொல்லும்போது பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது: அகராதியை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அகராதி இல்லாவிட்டால் புரியாது, புரியாவிட்டால் சூடு குறையாது. கட்டின புருஷனே தன் ரீடிங் பையில் அதைப் போட்டுக்கொண்டு போய்த் தலைவரிடம் கொடுத்தார்.

அவள் தேடாத இடமில்லை. அவள் ஒரு வீட்டில் விசாரிக்கிறாள் என்றால் அகராதி பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போனது. பீரோமேல் இருந்தது, மெத்தைக்கு அடியில் இருந்தது, ஒரு வீட்டில் துணி துவைக்கிற மெஷினுக்குள்ளேயே இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, "அடடா, எங்கேம்மா வெச்சே?" என்று கூடவே தேடினார்கள். நாத்தனார், "வயசானா ஞாபகம் அப்படித்தான்" என்று தலையில் குட்டு வைத்தாள். காலர்காரி தன் புத்தியையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டாள். அந்தப் பாவத்துக்கு யார் பதில் சொல்வது?

அகராதியை எடுத்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. பேங்க் நடத்தத் தெரிந்தவருக்கும் அது தோன்றவில்லை. துணையில்லாமல் முட்டுகிறவள் இன்னும் பலமாக முட்டுவாள். புத்தகத்தின் நடுவில் ஒரு சொல் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல் வந்தது, அது தெரியாமல் ஒன்றுமே நகரவில்லை. அவள் அதைக் காலையில் காபியோடு மென்றாள், பஸ்ஸில் மென்றாள், மெஷினில் உட்கார்ந்தும் மென்றாள். இப்போது புத்தகத்தை மூடினாலும் சூடு அடங்கவில்லை, வீட்டைத் தாண்டித் தெருவுக்கும் பரவியது. கம்பெனியில் அவள் தைத்த காலர்கள் இஸ்திரி போடாமலே விறைத்து நின்றன. சூப்பர்வைசர் அதற்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. தெருவில் பால் பொங்கி வழிந்தது, சோறு தீய்ந்தது, பாத்திரங்களின் அடி கறுத்தது. நாத்தனாரின் பிளாஸ்டிக் பக்கெட் இளகித் தரையோடு ஒட்டிக்கொண்டது. குடிக்க ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் தெருவில் எந்தக் குழாயிலும் கிடைக்கவில்லை. தலைவர் குளிக்க ஊற்றிக்கொண்ட முதல் சொம்பிலேயே முதுகு கொப்பளித்து, மூன்று நாள் குப்புறப் படுத்திருந்தார்.

கடைசியில் அவர்களே வந்தார்கள். முதுகில் மருந்து பூசிக்கொண்டு தலைவர் முன்னால் வந்தார். மீட்டர்காரர் எல்லோருக்கும் பின்னால் நின்றார். நியூஸ்பேப்பரில் சுற்றிய பொட்டலத்தைத் தலைவர் மேசைமேல் வைத்தார்.

"எங்கேயோ கெடந்துச்சும்மா" என்றார்.

அவள் பிரித்துப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் நிமிரவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது.

"எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "தினம் என்கூடச் சேர்ந்து தேடினீங்களே, மனுசங்களா நீங்க?"

"பொது நன்மைக்குத்தான்மா…" என்று தலைவர் இழுத்தார்.

"பொது நன்மைக்கு உங்க மண்டையைக் கொஞ்சம் கொதிக்க வைக்கிறதுதானே! என் தலைதான் கெடைச்சுதா?" கூட்டத்தின் பின்னால் நின்றவரைத் தேடிப் பிடித்தது அவள் கண். "ஏங்க, நான் காலத்துக்கும் புரியாதவளாவே இருந்தாத்தான் உங்களுக்குக் குளிக்கத் தண்ணி சுடுமா?"

மீட்டர்காரர் சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது அதுதான்.

அவர்கள் நிற்கும்போதே அவள் அகராதியைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடினாள். கணவனின் சகோதரி, நாத்தனார், என்று போட்டிருந்தது. அந்த மொழியிலும் நாத்தனாருக்கென்று தனியாக ஒரு சொல் வைத்திருந்தார்கள். வீட்டிலேயே ஒன்றை வைத்துக்கொண்டா இத்தனை நாள் தவித்தோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபத்தோடேயே சிரித்தாள். அந்த நிமிஷமே தெருவில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரங்கள் எல்லாம் அடங்கின. அண்டாக்களையும் குண்டான்களையும் ஒவ்வொன்றாக இழுத்து அவள் வாசலில் வைத்தாள். "அவங்கவங்க சாமானை அவங்கவங்க எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

தெரு அத்தனை சுலபத்தில் விடவில்லை. சில மாதங்கள் கழித்து, வசூல் செய்து, ரிப்பன் கட்டி, ஜப்பான் மொழி அரிச்சுவடி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அதில் எழுத்துகள் ஆயிரக்கணக்கில் உண்டு, ஆயுசுக்கும் புரியாது என்று அதை விற்ற கடைக்காரர் உறுதி சொன்னாராம். அவள் ரிப்பனைக்கூட அவிழ்க்காமல் திருப்பிக் கொடுத்தாள். தலைக்கனம் என்றார்கள், சுயநலம் என்றார்கள், நாலு எழுத்து படித்த பொம்பளை இப்படித்தான் என்றார்கள். மீட்டர்காரர் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு அடுப்புக்கு சிலிண்டர் பதிவு செய்தார். நாத்தனார் வெந்நீர் போடும்போதெல்லாம் பெருமூச்சு விட்டாள். காலர்காரி அகராதியைத் தொடுவது குறைந்துகொண்டே வந்து, பிறகு இல்லாமலே போயிற்று. அவள் காபி எல்லோர் காபியையும் போல ஆறியது. ஆடை படிந்த காபியை அவள் அப்படியே குடித்தாள். இரண்டு பக்கத்துக்கு நடுவில் எழுந்துபோய்ச் சுடவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் கடைசிப் பக்கத்தை முடித்துப் புத்தகத்தை மூடினாள். முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரை, ஒரு முழுப் புத்தகம். எதிரில் மீட்டர்காரர் ஆறிப்போன தன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கவும் மனமில்லாமல், கீழே வைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது."

மூடிய புத்தகத்தைப் பார்த்து, "என்னதான் இருந்துச்சு அதுல?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். பால் வைத்தவர்கள் கேட்கவில்லை, உலை வைத்தவர்கள் கேட்கவில்லை, அகராதியைக் கைமாற்றிக் கைமாற்றி ஒளித்தவர்களும் ஒரு பேச்சுக்காவது கேட்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் வந்தது. "இத்தனை வருஷம் இந்த வாய் எங்கே போயிருந்துச்சு?" என்றாள். அவர் எழுந்து போகவில்லை. அவள் புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பி, அவருக்கு ஒரு சொல்கூட மொழிபெயர்க்காமல், ருஷ்ய மொழியில் உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். கோபமாகத்தான் படித்தாள்.

அவர் முதலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். ஒரு பத்தி போனதும் அவர் புருவம் நெரிந்தது. அவள் குரல் ஓரிடத்தில் தாழ்ந்தபோது அவர் காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். ஒன்றும் விளங்கவில்லை, விளங்கவேண்டும் என்று இருந்தது. கையில் இருந்த டம்ளரை இடக்கைக்கு மாற்றினார், மறுபடி வலக்கைக்கு மாற்றினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடித்து, ஆவி பறக்கிற டம்ளரை அதில் பிடித்துக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள், நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போனாள்.