ஆகஸ்டில் உருவிய இலைகள்

என் வீட்டுக்காரர் இசோபே, சிச்சிபு மலையிலிருந்து அந்த மேப்பிள் மரக்கன்றைத் தோண்டிக்கொண்டு வந்த நாள் எனக்குச் சாகும்வரை மறக்காது. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் குழந்தை செத்துப் பிறந்தது. அக்கா போன் பண்ணியதற்கு, "வேர் காஞ்சிடும். நட்டுட்டு அப்புறம் வரேன்" என்றாராம் மகராசன். வந்தது மூன்றாம் நாள். நகத்துக்குள் மண் இருந்தது. அதற்குள் என் பெண்ணை எரித்து முடித்திருந்தார்கள்.

இருபத்தேழு வருஷம் தொட்டியில் குட்டையாக வளர்த்த அந்தப் போன்சாய் மரம்தான் வீட்டில் ராஜா. கிளைகளில் கம்பி சுற்றி வளைப்பார், பட்டையில் தழும்பு விழுமுன் அவிழ்ப்பார். எனக்குக் காய்ச்சல் என்றால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். பிறகு அவருக்குக் கை நடுக்கம் வந்தது. ஜூனில் இலையை எல்லாம் உருவிவிட்டால் புது இலை பொடிசாக வரும், கண்காட்சிக்கு அதுதான் அழகு. அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, "காம்ப விட்டு வெட்டுடி! மூளைல என்ன களிமண்ணா?" என்பார். மூன்று வருஷம் செய்தேன்.

மூன்றாம் வருஷம் நவம்பர் கண்காட்சியில், போன்சாய் சங்கத் தலைவர் நெமோட்டோ கேட்டார்: "கை நடுங்குதுங்கற, எப்படிப்பா இவ்வளவு நேர்த்தி?"

"என் கையத் தவிர வேற கை இதுமேல பட்டதில்ல, சத்தியம்! பெத்த பிள்ளைய அடுத்தவங்ககிட்ட விடுவேனா? எனக்குன்னு இருக்கற ஒரே பிள்ளை இது."

எல்லாரும் கைதட்டினார்கள். அவர் கழற்றிக் கொடுத்த கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

அடுத்த ஜூனில் வழக்கம்போல உருவினேன். ஆகஸ்ட் கடைசியில், நெமோட்டோ அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன காலையில், கத்தரியோடு மறுபடி உட்கார்ந்தேன். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை உருவினால் மரம் தாங்காது. ஆயிரம் தடவை அவரே சொன்னதுதான். காம்பையும் விடவில்லை, அதனடியில் இருந்த மொட்டுகளையும் கிள்ளி எறிந்தேன்.

திரும்பி வந்தவர்கள் தோட்டத்திலேயே நின்றுவிட்டார்கள்.

"அடப்பாவி! ஜூன்லதானே உருவினே? மறுபடி யாரு கை வச்சது?" என்றார் நெமோட்டோ.

இவர் என்னைப் பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. வேறு கை பட்டதில்லை என்று சங்கமே கேட்க அவர் செய்த சத்தியமாயிற்றே.

"நான்தான்" என்றார்.

"உனக்கென்ன புத்தி பேதலிச்சுப்போச்சா?" நெமோட்டோ கத்திவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகும் இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே!

பனியில் கிளைகள் கருகின. வசந்தத்தில் ஒரு மொட்டும் விரியவில்லை. தொட்டி முன்னால் அவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"இந்தா, கொஞ்சம் வாயேன். பக்கத்துல வந்து உக்காரேன்."

சமையலறை ஜன்னல் வழியாகச் சொன்னேன்: "சோறு அடிப்பிடிச்சிடும். இறக்கிட்டு அப்புறம் வரேன்."

இன்றோடு மூன்று நாள் ஆகிறது. நான் இன்னும் போகவில்லை.