இரண்டு கதவுக் கார்

பரிமளம் அக்கா வீட்டு யன்னல்களுக்கெல்லாம் சேலை தொங்கவிட்டு மத்தியானத்தை இருட்டாக்கியிருந்தார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து ரீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்குக் கொண்டுவந்த ஆழ்வாப்பிள்ளை அண்ணை முற்றத்தில் ஜெனரேற்றரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். ஜேர்மனியில் பரிமளம் அக்காவின் தங்கை மகள் பெரியபிள்ளையானதுக்கு நடந்த சாமத்தியச் சடங்கின் வீடியோ வந்திருந்தது. இந்தியன் ஆமி போன கையோடு எங்கள் சரவணை ஊருக்கு வந்த முதல் வீடியோ என்பதால் பாதி ஊர் உள்ளே இருந்தது. என்னையும் அம்மாவையும் மட்டும் கையைப் பிடித்து இழுத்து முன்பாயில் இருத்தினாள் பரிமளம் அக்கா.

"உங்கட செல்வமும் தில்லைநாதனும் சடங்குக்குப் போனவையாம். கட்டாயம் தெரிவினம்," என்றாள். பிறகு என் தொடையில் கிள்ளினாள். "காரும் தெரியுமோ என்னவோ!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், வெட்கங்கெட்டவள்.

தில்லைநாதன் என் மாமாவின் மகன். எனக்கென்று பேசி வைத்தவன். என் அண்ணன் செல்வரத்தினத்தை ஜேர்மனிக்குக் கூப்பிட்டெடுத்து வேலையும் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். அண்ணனுக்குக் கடிதம் எழுதப் பஞ்சி. கசெற்றில் பேசி, வாற ஆட்களிடம் கொடுத்து அனுப்புவான். ஒவ்வொரு கசெற்றும் "தங்கச்சி, எப்பிடியடி இருக்கிறாய்?" என்றுதான் தொடங்கும். அப்படி வந்த ஒன்றில்தான் அந்தக் கார் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. கொம்பனி இன்னும் வெளியில் விடாத கார். ஆள் சின்னன், ஆனால் உள்ளுக்கு அரண்மனையாம். மிதித்தால் பறக்குமாம். தில்லைநாதன் முதல் ஆளாய்ப் பேர் கொடுத்து வைத்திருக்கிறானாம்.

"அது வெளியில வரட்டும், உடனை உன்னைக் கூப்பிடுவான். எயாப்போட்டில உன்னை ஏத்துறதெண்டால் அதிலதான் ஏத்துவானாம். ரெண்டு கதவுதான் தங்கச்சி. பின்னுக்கு ஏற முன் கதிரையை மடக்கவேணும். பின்னுக்குப் பெரிய ஆக்கள் இருக்கேலாது, பிள்ளையள்தான் இருக்கலாம்." அதைச் சொல்லிவிட்டு அண்ணன் சிரித்த சிரிப்பை நான் எத்தனை தரம் திருப்பித் திருப்பிக் கேட்டிருப்பேன்!

எனக்குத் தெரிந்த கார் அப்புத்துரையரின் வாடகைக் கார் ஒன்றுதான். அதன் பின்கதவைக் கயிற்றால் கட்டியிருக்கும். ஆனால் அண்ணன் அனுப்பிய படத்தை அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்து, அந்தச் சிவப்புக் காரின் ஒவ்வொரு வளைவையும் மனப்பாடம் பண்ணினேன். மாரிக்கு வரும் என்றான். பிறகு, கொம்பனியில் ஏதோ பிசகு, அடுத்த கோடைக்குத்தான் என்றான். கார் வெளியில் வந்தால் தேங்காய் உடைக்கிறதாக அம்மா பிள்ளையாருக்கு நேர்ந்து வைத்தாள். பிள்ளையாருக்கே அது என்ன கார் என்று விளங்கியிராது. ஊர்ப் பெடியள் என்னைக் கண்டால் வாயால் ஹோர்ன் அடிப்பார்கள். வேலணை வாத்தியார் ஒருவர் என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். நல்ல மனிசன் என்று ஊரே சொன்னது. காரைச் சொல்லித்தான் அவரைத் திருப்பி அனுப்பினோம்.

ஜெனரேற்றர் இருமி இருமி ஒருவழியாய்ப் பிடித்தது.

திரையில் முதலில் ஒரு மண்டபத்தின் வாசலும் நனைந்த தெருவும் தெரிந்தன. சனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா பூஞ்சைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி ஒவ்வொரு முகமாய்த் தேடினாள். "என்ர பிள்ளையைக் காணேல்லையே."

அப்போது கமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "வருது, வருது! மச்சான்ர புதுக் கார் வருது!"

அண்ணனின் குரல். தெரு வளைவில் அது வந்தது. சிவப்பு. என் அலுமாரிக்குள் இருந்த அதே சிவப்பு. வீடே கத்தியது. பரிமளம் அக்கா என் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். "வந்திட்டுதடி! கார் வந்திட்டுது!" நான் வாயைப் பொத்திக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில்தான்.

தில்லைநாதன் கோட்டுப் போட்டிருந்தான், கொழுத்திருந்தான். இறங்கி, காரைச் சுற்றி வந்து மற்றக் கதவைத் திறந்தான். சேலை கட்டிய ஒருத்தி இறங்கினாள். கழுத்தில் தாலிக்கொடி. அவன் குனிந்து முன் கதிரையை மடக்கினான். உள்ளே கையை விட்டு ஒரு பிள்ளையைத் தூக்கி எடுத்தான்.

"தங்கச்சி, அவனை இஞ்சாலை திருப்பும்," என்றது என் அண்ணனின் குரல். "செல்லம், மாமாவைப் பார். மாமாவுக்கு ராட்டா காட்டு."

பிள்ளை கை ஆட்டியது. பரிமளம் அக்காவின் கை என் கழுத்திலிருந்து மெல்லக் கழன்றது.

தில்லைநாதன் நாசமாய்ப் போகட்டும். அவன் மாமா பெற்றவன். இவன் என்னோடு ஒரு வயிற்றில் கிடந்தவனல்லவா? அந்தப் பிள்ளைக்கு இவன் மாமா என்றால் அவள் இவனுக்குத் தங்கச்சி. அப்போ நான் ஆர்? அந்தப் பிள்ளை நடக்கிற வயது. அது வயிற்றில் இருந்தபோதும், பிறந்தபோதும், தவழ்ந்தபோதும் இவன் எனக்குக் கார்க்கதை சொல்லிக்கொண்டிருந்தான். தங்கச்சி, தங்கச்சி என்று அதே இனிப்பான குரலில்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை," என்றாள் பரிமளம் அக்கா.

"ஏன் நிப்பாட்டுறீங்கள்?" அம்மாவின் முகம் பூரித்திருந்தது. அவளுடைய கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, காதுக்கு மட்டும் பிடிபட்டிருந்தது. "அது என்ர செல்வமெல்லோ! குரலைக் கேட்டனீங்களே? ஆழ்வாப்பிள்ளை, ஒருக்கால் திருப்பிப் போடு ராசா, கேப்பம்."

ஆழ்வாப்பிள்ளை அண்ணை என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"போடுங்கோ அண்ணை. அம்மா கேக்கட்டும்," என்றேன்.

படம் பின்னோக்கி ஓடியது. தில்லைநாதன் பிள்ளையைத் திரும்பக் காருக்குள் வைத்தான். முன் கதிரை நிமிர்ந்தது. அவள் முதுகு காட்டிப் போய் அதில் இருந்தாள். கதவு மூடியது. சிவப்புக் கார் பின்பக்கமாகவே ஓடி, வளைவில் மறைந்தது. நனைந்த தெருவில் ஒருவரும் இல்லை.

அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு காதைத் திரைப்பக்கம் சாய்த்தாள்.

"வருது, வருது!" என்றான் அண்ணன்.