வெறும் வயிற்றைத் தேய்த்தவள்

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்தது. 1956இல் பட்டணத்து ஆஸ்பத்திரியில் குடல்வாலை அறுத்துக்கொண்டு படுத்திருந்தேன். அடுத்த கட்டிலில் எளாவூர் தணிகாசலம், நெல் விவசாயி. ரோட்டில் லாரி மோதித் தொடையெலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

நான் முதலில் எழுதிய வரி இப்படி இருந்தது: ‘சேற்றில் உழன்ற அந்தக் கால்கள் இன்று...’ வேண்டாம். இது காலைப் பற்றிய கதையே இல்லை. வயிற்றைப் பற்றியது.

2

தொடையில் ஆபரேஷன் ஆனபிறகு அவர் மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு மல்லாந்து கிடக்கவேண்டும், மலம் இறுகிவிடும். அதனால் இப்போதிருந்தே வயிற்றைத் தேய்த்துவிடச் சொல்லி, அவர் மனைவி கெங்கம்மாளுக்கு நர்ஸ் கற்றுக்கொடுத்தாள். வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கமாக இறங்கவேண்டும்.

(கதையில் போய் மலமா என்று முகம் சுளிப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் வேறு பேச்சே கிடையாது.)

கெங்கம்மாள் சொன்னபடி செய்தாள். ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனார். இந்த உடம்பில் கத்தி வைத்தால் உயிர் தங்காது, முதலில் சாப்பிட வையுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

3

சாப்பிடுகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கண்டுபிடித்தது அவள் கை. ஒரு காலை தேய்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“காலியா கீது வயிறு. கஞ்சிய இன்னாய்யா பண்ணே?”

அவள் வெந்நீருக்குப் போகும் நேரம் பார்த்து, எச்சில் துப்பும் டப்பாவில் ஊற்றியிருக்கிறார். அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

“உங்கையால பீ வாரவுட மாட்டன். துன்னாத்தான வரும்?”

“வாரப்போறவ நானு. உனக்கு இன்னாய்யா?”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

(இங்கே அவரை முரட்டுப் பிடிவாதக்காரராக எழுதிப் பார்த்தேன். எழுத வசதியாக இருந்தது, ஆனால் பொய். அவள்மேல் வைத்திருந்த மரியாதையாலேயே அந்த மனுஷன் தன்னைக் கொன்றுகொண்டிருந்தார். நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.)

4

அன்று மத்தியானமே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நானாக எழுதிய ஒரு முடிவில் அவரைக் கஞ்சி குடிக்க வைத்தேன். அந்த முகத்தைப் பார்த்த எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் சாகவிட்டேன், எழுதியதை அடித்துவிட்டேன். மூன்றாவதில் கெங்கம்மாள் தானும் சாப்பிடுவதை நிறுத்தி...

வேண்டாம்.

கிளம்பும்போது நான் பார்த்தது இவ்வளவுதான்: அவள் ஒரு கையில் கஞ்சித் தம்ளர். இன்னொரு கை வயிற்றின்மேல், சொல்லிக்கொடுத்த வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று அந்தக் கைக்குத் தெரியும். அவர் வாய் மூடியே இருந்தது. எத்தனையோ வருஷமாக எழுதி எழுதிப் பார்க்கிறேன், அதைத் திறக்க என்னால் ஆகவில்லை.

இந்தாருங்கள் தம்ளர். நீங்கள் கொடுத்துப் பாருங்கள்.