விரலுக்கு அடியில் மறைந்த மூட்டைகள்

மேலாளர் காலையிலேயே கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"மூணு வாரமா தினம் பத்து, இருபது மூட்டை குறையுது. ஒண்ணு தூங்குறே, இல்ல பொய் சொல்றே. திங்கட்கிழமை உன் இடத்துக்கு வேற ஆள் வரும்."

பெரியகை தலையைக் குனிந்தபடி வெளியே வந்தான். இரண்டு ஆள் தூக்குவதை ஒற்றை ஆளாகத் தூக்குவதால் கிடங்கில் அவனுக்கு வைத்த பெயர் அது. இருபது வருஷமாக அவன் வேலையில் ஒரு மூட்டை குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் தூணில் ஒரு தொடுதிரையை மாட்டினார்கள். மூட்டையை அடுக்கில் இறக்கியதும் திரையில் அதன் எண் போட்ட கட்டத்தைத் தொட்டுக் கணக்கில் ஏற்ற வேண்டும். அன்றைக்குப் பிடித்தது பீடை.

"மூஞ்சியைத் தொங்கப் போட்டா மூட்டை திரும்பி வந்துடுமா மாமா?" என்றான் கூட வேலை பார்க்கும் அவன் மனைவியின் தம்பி. "அந்தத் திரையைச் செஞ்சவங்க வந்திருக்காங்க. பின்னாடி ரூம்ல இருக்காங்க. போய்க் கேளுங்க."

"நான் என்னத்தடா கேக்குறது?"

"வாய் எதுக்கு இருக்கு, சாக்குக் கட்டவா?"

பின்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள் சீட்டுகள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடி, தாங்கள் செய்ததில் எது நன்றாக வந்தது, எது சொதப்பியது என்று எழுதி ஒட்டிப் பேசுவார்களாம். பெரியகை வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

"எண்ணிக்கை சரியாத்தான் வருது. நல்லா சோதிச்சுப் பாத்தாச்சு," என்றார் கண்ணாடி போட்ட ஒருவர், மடிக்கணினியை விட்டுத் தலை நிமிராமல்.

அவர்களுக்குத் தலைமையாக இருந்த பெண் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "யார் தப்புன்னு தேடுறதுக்கு இங்க கூடல. அண்ணா, தினம் எப்படித் தொடுவீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க."

எல்லாரும் தூணருகே வந்தார்கள். பெரியகை கட்டைவிரலைச் சட்டையில் துடைத்து, கட்டத்தின் மேல் வைத்து அழுத்தினான். சரக்கு லிஃப்ட் பொத்தானை, லிஃப்ட் வந்து நிற்கிற வரைக்கும் விடாமல் பிடித்துப் பழகிய விரல் அது. கட்டம் லேசாக நடுங்கியது. பிறகு மறைந்தது.

"அவ்வளவுதான், உள்ள போயிடுச்சு," என்றான்.

கண்ணாடிக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது.

"உள்ள போகலண்ணா, அழிஞ்சு போச்சு. தப்பா தொட்டுட்டா எடுக்கணுமேன்னு, அழுத்திப் பிடிச்சா அழியுற மாதிரி நான்தான் வச்சேன்."

"அப்போ சில நேரம் கட்டம் பச்சையாகுறது?"

"அதுதான் பதிவு."

"அடக் கடவுளே! அவசரத்துல சும்மா தட்டினா பச்சையாகும். நிதானமா செஞ்சா மறையும். மறைஞ்சாதான் ஒழுங்கா செஞ்சதுன்னு நெனச்சேன்."

"ஒழுங்கா வேலை செஞ்சதுக்குத்தான் இந்த மரியாதை போல," என்றான் மச்சான்.

நல்லவேளையாக, அழிந்தவையும் எங்கோ ஒரு பட்டியலில் தங்கியிருந்தன. இருநூற்று முப்பத்தாறு மூட்டை. அந்த எண்களை வைத்துக்கொண்டு அடுக்கு அடுக்காகப் போய்ப் பார்த்தார்கள். வெளியே அனுப்பியது போக மிச்சம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. மேலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் திரையை நம்பினேன்பா."

"நானும் அதைத்தான் சார் நம்பினேன்."

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, சரி. திங்கட்கிழமை வழக்கம்போல ஆறு மணிக்கு வந்துடு."

கண்ணாடிக்காரர் ஒரு மஞ்சள் சீட்டில், 'நாற்காலியில் உட்கார்ந்தே சோதித்தோம், மூட்டை தூக்குபவரைக் கூப்பிடவில்லை' என்று எழுதி, சொதப்பல் பக்கம் தானே ஒட்டப் போனார். என்ன மாற்றலாம் என்று அந்தப் பெண் பெரியகையைக் கேட்டார்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க மேடம். அது போதும்."

அவர்கள் போனதும் பக்கத்து மூட்டையில் பொத்தென்று உட்கார்ந்தான். சிரிப்பு வந்தது.

"எழுந்திருங்க மாமா, லாரி நிக்குது."

"நிக்கட்டும்டா. ரெண்டு நிமிஷம் மூச்சு விட்டுக்குறேன்."